தண்ணீர் எடுத்த இடம்

பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் அவர் ஏழு வருஷம் குடியிருந்தார். ஏழு வருஷமும் எனக்கு அவர் மேல் சந்தேகம். அவருக்கும் என் மேல் சந்தேகம் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தெருவில் அவர் சந்தேகப்படாத ஆளே கிடையாது.

யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க எங்கே நின்னு பார்த்தீங்க?" சந்தில் மாடு முட்டிவிட்டது என்று ஒருவர் பதறிக்கொண்டு ஓடிவந்தால், முட்டுப்பட்டவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க மாட்டார். சொன்னவர் எந்த வாசலில் நின்றார், அங்கிருந்து சந்து தெரியுமா, நடுவில் கரி வண்டி நிற்கவில்லையா என்பார். பால்காரம்மா ஒருநாள், தான் சீக்கிரமே வந்து கதவைத் தட்டியதாகவும் அவர்தான் தூங்கிவிட்டதாகவும் சொல்லி மாட்டிக்கொண்டாள். மாதா கோயில் கோபுரத்து நிழல் அப்போது எங்கே விழுந்திருந்தது என்று சாதாரணமாகக் கேட்டார். அவளும் யோசிக்காமல் முக்குக் கடைச் சுவரைக் காட்டினாள். "அப்போ மணி எட்டு" என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் பாலைப் படியில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவாள்.

தெருவில் அவருக்குப் பெயர் மேப் சார். உயரமான, ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டையின் பையில் ஊசியாகச் சீவிய மூன்று பென்சில்கள் இருக்கும். பகலில் ஒரு காண்டிராக்டரிடம் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் வேலை. பட்டாளத்தில் இருந்தவர், சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் படம் வரைகிற பிரிவில் வேலை பார்த்தவர் என்பது மட்டும் தெரியும். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கேட்டால் பதில் வரும், ஆனால் அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் மாடிக்கு ஆட்கள் வருவார்கள். லால்குடி, துறையூர், மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஆட்கள், முக்கால்வாசிப் பேர் பழைய சிப்பாய்கள். ஒருவர் நொண்டுவார், ஒருவருக்குக் கையில் இரண்டு விரல் இருக்காது. ஏறிப்போனால் இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். இறங்கும்போது ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வருகிற முகத்தோடு இறங்குவார்கள். புதையல் படம் வைத்திருக்கிறார் என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். சர்க்கார் உளவு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர், ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்தவள்; இரண்டையும் நம்பவில்லை. ஆனால் இரண்டையும்விட மோசமாக ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. குடிவந்த இரண்டாவது வாரமே என்னைத் தெருவில் நிறுத்தி, "டீச்சரம்மா, உங்க அண்ணன் கடைசியா ஏதாவது கடுதாசி போட்டிருந்தாரா?" என்று கேட்டார். எனக்கு அண்ணன் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெருவில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. இல்லை என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து அந்த மாடி ஜன்னலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனாவோடு சண்டை நடந்த வருஷம், யாரோ ஒரு புண்ணியவான் போலீசில் சொல்லிவிட்டார். நான் இல்லை, ஆனால் செய்திருக்கக்கூடியவள்தான். ஒரு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் மாடிக்குப் போனார்கள், பின்னாலேயே பாதித் தெருவும் போனது. நானும் போனேன். அப்போதுதான் அந்த அறையை முதல்முதலாகப் பார்த்தேன். கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. தரை முழுக்கப் பழைய பட்டாளத்துப் படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி விரித்திருந்தார். அதன் மேல் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள். அவை நம் ஆட்கள். ஜப்பான்காரனுக்குச் சோழி. கொட்டைக்கும் சோழிக்கும் நடுவே நூல் இழுத்து ஊசி குத்தியிருந்தது. நடக்க இடமில்லாமல் அவர் சுவரோரமாகவே ஒட்டிக்கொண்டு போய் வந்தார்.

ஏட்டு குனிந்து வெகு நேரம் தேடிவிட்டு, இதில் திருச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டார். திருச்சி இதில் இல்லை, இது பர்மா எல்லை என்றார் அவர். ஏன் இல்லை என்று ஏட்டு கேட்டார். மலைக்கோட்டை இல்லாத ஒரு படத்தை ஒருவர் திருச்சியில் வைத்திருப்பது ஏட்டுக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் பட்டாளத்திலிருந்து விடுவித்த காகிதத்தைக் காட்டியதும் போய்விட்டார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தரையில் ஒரே ஒரு குன்றைச் சுற்றி மட்டும் எண்ணிப் பன்னிரண்டு புளியங்கொட்டைகள் இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் பட்டாளத்தில் நாயக்காக இருந்தான். பர்மா எல்லையில் பெயரில்லாத ஒரு குன்றில் அவனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் பட்டாளம் பின்வாங்கிவிட்டது, பன்னிரண்டு பேரும் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று சர்க்கார் கடிதம் வந்தது. சண்டை முடிந்த பிறகு, பக்கத்துக் குன்றில் இருந்த ஒரு ஹவில்தார் ஸ்ரீரங்கத்துக்கு அண்ணியைப் பார்க்க வந்தார். முந்தின சாயங்காலமே பன்னிரண்டு பேரும் குன்றை விட்டு ஓடிவிட்டார்கள், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் இரண்டு பேரையும் இரண்டு விதமாகப் பிடித்துக்கொண்டது. அண்ணிக்கு அது வரம். ஓடினவன் உயிரோடு இருப்பான், என்றைக்காவது வருவான். அடையவளைந்தான் வீதியில் தன் அப்பா வீட்டில் இருந்துகொண்டு, மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷமாக நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சாபம். ஓடிப்போனவன் தங்கச்சி என்று என் கல்யாணத்தின்போதே பேசினார்கள். என் அண்ணன் ஓடுகிறவன் இல்லை. ஆனால் பார்த்தவர் ஒருவர் இருக்கும்போது நான் எதை வைத்துப் பேசுவது?

அந்த ஹவில்தார்தான், போலீஸ் வந்துபோன ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் மாடிப் படி ஏறுவதைப் பார்த்தேன். பொன்மலைப் பக்கம் ஒரு டாக்கீஸில் வாட்ச்மேனாக இருந்தார். மேப் சார் ஏழு வருஷமாகக் கூப்பிட்டு, இவர் ஏழு வருஷமாக நழுவினார் என்று பிற்பாடு தெரிந்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்துவிட்டு நானும் ஏறினேன். என்னைப் பார்த்ததும் ஹவில்தார் எழுந்துவிட்டார். மேப் சார் ஆச்சரியப்படவில்லை. சுவரோரமாக உட்காரச் சொன்னார்.

அவர் சண்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். எத்தனை தோல்பை, போகும்போது வெயில் எந்தக் கன்னத்தில் அடித்தது, சோறு பொங்கின இடத்திலிருந்து எத்தனை எட்டு என்று கேட்டார். ஹவில்தார் மளமளவென்று சொன்னார். அண்ணன் நின்ற குன்றுக்கு மேற்கே மூங்கில் புதருக்குக் கிட்ட ஓடை, குனிந்துதான் போக வேண்டும், சாயங்காலம் ஒரே ஒரு தடவை எடுக்க விடுவார்கள். அந்தத் தடவை போனபோதுதான் பன்னிரண்டு பேரும் கிழக்குப் பள்ளத்தில் இறங்கி ஓடினதைப் பார்த்தேன் என்றார். அவர் போன பிறகு மேப் சார் என்னிடம் சொன்னார்: "சண்டையைப் பத்திக் கேட்டா எல்லாரும் பொய் சொல்லுவாங்க டீச்சரம்மா. தண்ணி எடுத்த இடத்தைப் பத்தி யாரும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லணும்னு தோணாது."

அடுத்த வாரம் எங்கள் இரண்டு பேரையும் ஓடத்துறைக்கு வரச் சொன்னார். வைகாசி மாதம், காவிரி வறண்டு மணலாகக் கிடந்தது. மண்வெட்டியும் கூடையுமாகக் காலையிலேயே வந்து, இடுப்புயரத்துக்கு ஈர மணலைக் குவித்து அந்தக் குன்றைச் செய்து வைத்திருந்தார். மேற்கே ஒரு வாய்க்கால் கீறிக் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருந்தார், அது ஓடை. கிழக்கே ஒரு பள்ளம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், பெரியவர்கள் மணல் வீடு கட்டுகிறார்கள் என்று வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஹவில்தாரை ஓடைக்குப் பக்கத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார். பாவம், ஐம்பது வயசுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோவாயை மணலில் வைத்துப் படுத்தார். மேப் சார் மறுபக்கம் போய்ப் பள்ளத்துக்குள் கையை வைத்தார். "என் கை தெரியுதா?"

"தெரியலை சார்."

"நல்லாப் பாருங்க. கொஞ்சம் தலையைத் தூக்கிக்கூடப் பாருங்க."

ஹவில்தார் தலையைத் தூக்கினார், கழுத்தை நீட்டினார், பிறகு அப்படியே எழுந்து உட்கார்ந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். நடுவில் குன்றே நின்றது. அதன் வழியாக யாராலும் எதையும் பார்த்திருக்க முடியாது. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "துக்கம் சொல்லத்தான் போனேன் சார். அந்தப் பொண்ணு தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு வந்து கதவைத் திறந்துச்சு. குன்று மேல குண்டு விழுந்ததை நான் பார்த்தவன். ஒருத்தன்கூட அப்புறம் எழுந்திருக்கலை. அதை எப்படிச் சொல்றது? ஓடிட்டாங்க, எங்கேயாவது இருப்பார்னு வாயில வந்துடுச்சு."

எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது சந்தோஷ அழுகை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அண்ணன் செத்துப்போனான் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. ஓடவில்லை என்பதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மேப் சார் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஹவில்தாரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குண்டு எந்தப் பக்கத்துலேருந்து வந்துது?"

ஹவில்தார் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "நம்ம பக்கத்துலேருந்துதான் சார்."

அவரை அனுப்பிவிட்டு மேப் சார் தகரக் குழாயிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மணல் மேல் விரித்தார். இரண்டும் ஒரே இடத்தின் படம். ஒன்று பழைய பதிப்பு, மற்றது விமானத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்துத் திருத்திய புதுப் பதிப்பு. புதுத் தாளில் அந்தக் குன்று கட்டத்துக்குள் அரை மைல் கிழக்கே தள்ளியிருந்தது. பழைய தாளில் உள்ள கட்ட எண்ணைச் சொன்னால் புதுத் தாளில் அது வேறு மேட்டில் போய் விழும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புதுத் தாள்கள் எல்லோருக்கும் போதவில்லை. பழையதைக் கொடுத்தால் மூலையில் சிவப்பு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும், பார்ப்பவன் திருத்திக்கொள்வான். அதுதான் இவருடைய வேலை. மழையில் முத்திரை மை கரைந்துபோயிருந்தது, வண்டி கிளம்புகிற அவசரம், ஒரு கட்டுத் தாளை மட்டும் முத்திரை இல்லாமல் அப்படியே கொடுத்துவிட்டார்.

அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு தாள் என் அண்ணனிடம் போனது. அவன் சரியான குன்றில்தான் நின்றான். நின்ற இடத்தின் எண்ணைத் தன் தாளைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதி அனுப்பினான். பீரங்கிக்காரர்களிடம் புதுத் தாள் இருந்தது. அவர்கள் கணக்குப்படி நம் ஆட்கள் அரை மைல் மேற்கே இருந்தார்கள். அண்ணன் நின்ற கிழக்குக் குன்றில் தலை தெரிந்ததும் எதிரி என்று சுட்டார்கள்.

"அவங்க ஓடியிருந்தா குன்று காலியா இருந்திருக்கும் டீச்சரம்மா. காலிக் குன்று மேல குண்டு விழுந்தா யாருக்கும் ஒண்ணும் இல்லை. அப்படி ஒருத்தர் பார்த்ததாச் சொல்றார்னு கேள்விப்பட்டுத்தான் இந்த ஊருக்கே வந்தேன். உங்க வீடு தெரியற மாதிரி ரூம் பிடிச்சதும் அதுக்குத்தான்."

என் அண்ணனை நீங்கள்தான் கொன்றீர்கள் என்று சொன்னேன். ஆமாம் என்றார். ஏழு வருஷமாக எதிரே உட்கார்ந்து என் வீட்டை வேவு பார்த்தீர்கள் என்றேன். அதற்கும் ஆமாம் என்றார். இன்னும் என்னென்னவோ கேட்டேன், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் ஒன்று தோன்றியது, தோன்றியதும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. ஓடிவிட்டார்கள் என்று ஹவில்தார் சொன்னதை அவர் நம்பியிருந்தால் போதும், தப்பித்திருப்பார். உலகத்தில் அவர் நம்ப ஆசைப்பட்ட சொல் அது ஒன்றுதான். அதையும் தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று கேட்டுத் தானே உடைத்துவிட்டார்.

அண்ணியிடம் தானே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுக் காபி கலந்து கொடுத்தார். மேப் சார் காபியைத் தொடாமல், இரண்டு தாளையும் தரையில் விரித்து, முத்திரை குத்தாததிலிருந்து மணலில் பார்த்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். என் தப்பு என்று மூன்று தடவை சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு அண்ணி அந்தப் பழைய தாளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் படம் தப்புன்னு நீங்கதானே சொல்றீங்க சார்? தப்பான படத்தை வச்சுக்கிட்டு, அவர் அங்கதான் இருந்தார்னு எப்படிச் சொல்றீங்க?"

பதில் அவரிடம் இருந்தது. எனக்கே தெரிந்திருந்தது. படம் தப்பாக இருந்தாலும் ஓடை பொய் சொல்லாது, ஹவில்தாரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மேப் சார் வாயைத் திறந்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். "அதுவும் சரிதாம்மா. நிச்சயமாச் சொல்லிட முடியாது" என்றார். தாள்களைச் சுருட்டிக்கொண்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

திரும்பும்போது பஸ் ஏற மாட்டேன் என்று பாலத்தில் நடந்தார். நானும் கூடவே நடந்து சண்டை போட்டேன். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றார். பின்னே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்தினேன்.

"ஏற்கெனவே அவங்ககிட்டேருந்து ஒண்ணை எடுத்துட்டேன். பொட்டையும் எடுக்கணுமா?"

"என் அண்ணன் பேரு? அது என்னாகிறது?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, அந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று முன்னால் நடந்துவிட்டேன். அண்ணியின் குங்குமத்துக்கும் என் அண்ணனின் மானத்துக்கும் நடுவில் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். அது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனார். தரையில் ஊசி குத்திய ஓட்டைகள் மட்டும் இருந்தன என்று மாடி வீட்டுச் சொந்தக்காரர் குறைப்பட்டார். அந்தக் குன்றில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இன்னும் பதினொரு வீடு பாக்கி. எந்த ஊரில், எந்த வீட்டுக்கு எதிரே ரூம் பிடித்தாரோ, அங்கே எவள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சந்தேகப்பட்டாளோ, எனக்குத் தெரியாது. சில நாள் அந்த மாடி ஜன்னலைப் பார்க்கையில், அவர் இங்கேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். தோன்றியதற்காக என் மேலேயே கோபம் வரும்.

ஹவில்தாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ஓடிப்போனவன் தங்கச்சி என்று யாராவது சாடையாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். போன மாதம் அண்ணி காலமானார். மஞ்சளும் குங்குமமும் பூவுமாகச் சுமங்கலியாகத்தான் கொண்டுபோனோம். இனிமேல் நான் யாருக்காகவும் சும்மா இருக்க வேண்டியதில்லை. என் அண்ணன் ஓடவில்லை.